போபால் நிலையத்துக் கல்

சென்னைக்கும் தில்லிக்கும் இடையே ரயிலில் போய்வரும் நம்மவர்களுக்குப் போபால் புதிய ஊரன்று. வண்டி நின்றதும் இறங்கித் தேநீர் அருந்துவோம். புட்டிகளில் தண்ணீர் பிடிப்போம். ஊதல் கேட்டதும் ஓடி ஏறிவிடுவோம். இடார்ஸியில் ரயில்வே குடியிருப்பில் வசிக்கும் நாங்களும் அந்நிலையத்தைப் பல்லாண்டுகளாக அவ்வளவில்தான் அறிந்திருந்தோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மகளின் பொருட்டு அங்கே இறங்கி ஒரு பகல் முழுவதும் தங்க நேர்ந்தது.

அவள் ஏழாம் வகுப்பு மாணவி. போபால் விஷவாயு விபத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவரும்படி பள்ளியில் கூறியிருந்தனர். புத்தகத்தில் அவள் கண்டதோ சில வரிகளே. "இது நம் ஊருக்குப் பக்கத்திலா நடந்தது அப்பா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாங்கள் அந்த இரவுக்குப் பின் பிறந்தவர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் எழுத்து வேலைக்கு வந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அலுவலகத்தில் மூத்தவர்கள் பேசக் காதில் விழுந்தவையே. இடார்ஸியில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து காலஞ்சென்ற எங்கள் தந்தையாரைச் சிறு வயதில் கேட்டதுண்டு. "அன்று ராத்திரி வண்டிகள் போகவில்லை" என்று மட்டும் கூறி எழுந்து போய்விடுவார்.

இடார்ஸியிலிருந்து போபால் சுமார் 90 கிலோமீட்டர். நருமதைப் பாலத்தைக் கடக்கையில் பயணிகள் சிலர் ஆற்றில் காசு எறிந்து கும்பிட்டார்கள். புத்னியைத் தாண்டியதும் வண்டி விந்தியத்தின் மீது ஏறத் தொடங்கிற்று. இருமருங்கும் தேக்குக் காடு. மற்ற நாட்களில் ஜன்னலை விட்டு நகராத எங்கள் மகள், அன்று நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டே வந்தாள்.

போபால் நிலையத்தில் அந்த விபத்திலே உயிர்நீத்த ரயில்வே ஊழியர்களுக்காக ஒரு நினைவுக்கல் உண்டு. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறோம், நின்று படித்ததில்லை. அன்று அவள் ஹிந்தி எழுத்துகளைக் கூட்டிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நாங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றோம்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, நிலையத்துக்கு வடக்கேயிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில், மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுத் திரவம் வைத்திருந்த 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. திரவம் கொதித்து, நள்ளிரவுக்குப் பின் வாயுவாகச் சீறி வெளிப்பட்டது. அதைக் குளிர்ந்த நிலையில் வைக்க வேண்டிய இயந்திரம் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் சாதனமும் அன்று பயன்படவில்லை. கைகாட்டி, பாயிண்ட், பிரேக் ஆகிய மூன்றும் கெட்டிருக்கும்போது வண்டியை ஓட்டுவது போன்றது இது என்று மகளுக்கு விளக்கினோம். "அப்படி ஓட்ட விடுவீர்களா?" என்றாள். ரயில்வேயில் விடமாட்டார்கள் என்றோம்.

அந்த வாயு காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து குடிசைகளுக்குள் புகுந்தது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று ஊராருக்கு எவரும் சொல்லிவைக்கவில்லை. மக்கள் இருளில் ஓடினார்கள். ஓட ஓட மூச்சோடு நஞ்சையும் அதிகமாக இழுத்தார்கள். பலர் நிலையத்தை நோக்கி வந்தனர்.

அன்றிரவு இங்கே பணியிலிருந்தவர் துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர். பயணிகள் நிறைந்த கோரக்பூர் விரைவு வண்டி நடைமேடையில் நின்றது. புறப்பட இன்னும் சுமார் 20 நிமிடம் இருந்தது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்று, அவர் வண்டியை அனுப்பிவிட்டார். குறித்த நேரத்துக்கு முன் வண்டியை விடுவது எத்தகைய குற்றம் என்பதை ரயில்வே வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னர், போபாலுக்கு வண்டி விட வேண்டாம் என்று விதிஷாவுக்கும் இடார்ஸிக்கும் செய்தி போயிற்று. கண் எரிய, தொண்டை அடைக்க, அவர் நிலையத்திலேயே இருந்து வந்தவர்களைக் கவனித்தார். அவருடைய புதல்வர்களுள் ஒருவர் அந்த வாயுவுக்குப் பலியானார்.

இதைக் கேட்டதும் மகள் மறுபடியும் கல்லருகே சென்று விரலை ஓட்டித் தேடினாள். "அவர் பெயர் இல்லையே?"

அவர் அன்றிரவு சாகவில்லை. ஆண்டுக்கணக்கில் நோயோடு போராடி 2003-இல் காலமானார் என்றோம்.

"எதனால் நோய்?"

"அந்த வாயுவினால்தான்."

"அப்படியென்றால் அவர் மட்டும் ஏன் கணக்கில் இல்லை?"

இதற்கு விடை கூற எங்களுக்கு வழியில்லை. கணக்கைப் பற்றி அங்கே எவரைக் கேட்டாலும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். அரசு முதலில் இறந்தவர் 2,259 என்றது. பின்னர் 3,787 என்றது. பிற்காலத்தில் நோயால் மாண்டவர்களைச் சேர்த்தால் அதைப்போல் பல மடங்கு என்று பாதிக்கப்பட்டோர் சங்கங்கள் கூறுகின்றன. உடல்நலம் கெட்டோர் 5 லட்சத்துக்கு மேல் என்பது அரசே ஒப்புக்கொண்டது. 1989-இல் முடிந்த நஷ்டஈட்டுத் தொகை 47 கோடி டாலர். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தாள் எங்கள் மகள். விடையை எங்களிடம் காட்டவில்லை.

பிற்பகல் ஆட்டோவில் தொழிற்சாலைப் பக்கம் சென்றோம். உள்ளே போக அனுமதி வேண்டும். சுவருக்கு அப்பால் துருப்பிடித்த குழாய்களும் கோபுரமும் புதர்களுக்கு மேலே தெரிந்தன. அங்கே கிடந்த நச்சுக் கழிவில் 337 டன்னைப் பீதம்பூருக்கு எடுத்துச் சென்றது 2025 ஜனவரியில்தான். மண்ணுக்குள்ளும் நீருக்குள்ளும் இறங்கியது அங்கேயே இருக்கிறது. சாலையோரத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாயின் சிலை. 1985-இல் ரூத் வாட்டர்மன் என்னும் நெதர்லாந்துச் சிற்பி செய்தது. அதன் அடியில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்தவர்கள் பார்க்க வேண்டிய பெரிய ஏரியையும் தாஜுல் மஸ்ஜிதையும் அன்று நாங்கள் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை என்பதே உண்மை.

திரும்பும்போது வண்டியில் அவள் மெல்லக் கேட்டாள்: "அன்று நீங்கள் அங்கே டியூட்டியில் இருந்திருந்தால், நின்றிருப்பீர்களா அப்பா, ஓடிவந்திருப்பீர்களா?" நின்றிருப்போம் என்று சொல்ல நா எழவில்லை, ஓடியிருப்போம் என்று சொல்லவும் எழவில்லை. புத்னி வரும்வரை பேச்சே இல்லை. பிறகு அவளே, "இடார்ஸிக்குச் செய்தி வந்ததே, தாத்தா சொன்ன ராத்திரி இதுதானா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பாட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் தாயார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னார்: "விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் உன் தாத்தா வந்தார். வழியெல்லாம் வண்டிகள் நிறுத்திக் கிடந்தனவாம். ஏன் நிற்கிறது என்று தெரியாமல் ஜனங்கள் திட்டினார்களாம். இவருக்கும் முழுதாகத் தெரியாது; வாளியில் தண்ணீர் சுமந்து பெட்டி பெட்டியாகக் கொடுத்திருக்கிறார். வந்தவர் சாப்பிடவில்லை. வீட்டில் இருந்த பாலைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு, வண்டியில் குழந்தைகள் அழுகின்றன என்று மறுபடியும் போய்விட்டார்."

மகள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். தாத்தாவின் முழுப் பெயரையும் அவர் வேலையையும் பாட்டியிடம் கேட்டு, தஸ்தகீரின் பெயருக்குக் கீழே குறித்துவைத்தாள்.