"தண்ணிக்கு அம்மா என்ன செய்யிறா டீச்சர்?"



போன வாரம் கதிரவெளியில் ஒன்பதாம் தரத்துக்குப் பாலைவனம் படிப்பித்தேன். அரேபியாவின் ருபுல் காலி மட்டும் சுமார் 6,50,000 சதுர கிலோமீற்றர், நம்முடைய இலங்கையைப்போல் பத்து மடங்கு மணல் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பின் வாங்கில் ஒரு மகன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், குவைத்தில ஆறே இல்லையெண்டு சொன்னீங்க. அப்ப தண்ணிக்கு அம்மா என்ன செய்யிறா?"

வெருகல் ஆற்றையும் வாவியையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவனுடைய அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் இரண்டு வருடம். என் பாடக்குறிப்பில் மழை குறைவு, வெப்பம் கூட என்பதுதான் இருந்தது. தேடிப் படித்து மறுநாள் சொன்னேன்.

முன்பு குவைத்காரர் ஷத்துல் அரப் ஆற்றிலிருந்து பாய்க்கப்பல்களில் குடிதண்ணீர் ஏற்றி வந்தார்கள். 1950களிலிருந்து கடல்நீரில் உப்பைப் பிரித்தெடுத்துக் குடிக்கிறார்கள். ஓமானில் 'ஃபலஜ்' என்ற கால்வாய்கள் மலையடி நீரை ஊருக்குக் கொண்டு வருகின்றன. பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் முறை வைத்துப் பங்கிட்டார்கள். நம் வட்டைவிதானை வயலுக்கு முறைப்படி தண்ணீர் விடுவது போலத்தான். அப்படியான ஐந்து கால்வாய்களை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமையாக்கியது. சவூதியின் அல்அஹ்ஸா சோலையில் 25 இலட்சம் பேரீச்சை மரங்கள்! நாம் காத்தான்குடி வீதி நடுவில் நிற்கும் மரங்களையே அதிசயமாகப் பார்க்கிறோம்.

அல்அஹ்ஸா என்றதும்தான் உறைத்தது. என் உம்மா ஆறு வருடம் வேலை செய்த ஹுபூப் நகரம் அங்கேதான் இருக்கிறது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது போனவர். அன்றிரவுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"பேரீச்சந் தோட்டம் பாத்தீங்களா உம்மா?"

"வாகனத்தில போகக்குள்ள கண்ணாடியால பாத்தன் மகள். ஒருநாளும் இறங்கினதில்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். அந்த வீட்டு மூத்தம்மா கூடாரத்தில் வளர்ந்த பதூவிப் பெண்ணாம். ஒரு சின்னக் கேத்தல் தண்ணீரில் வுளூ எடுத்து முடிப்பாராம். யார் பைப்பைத் திறந்து விட்டாலும் பின்னால் போய்ப் பூட்டுவாராம். "நாங்க கிணத்தடியில வாளி வாளியா ஊத்தின ஆக்கள். எனக்கு வெக்கமாப் போச்சு" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பின்னால் போய்ப் பைப் பூட்டுவது உம்மாதான். "ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?" என்று எத்தனை தரம் சினந்திருக்கிறேன்!

அவர் அனுப்பிய காசில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். என்ன கொண்டு வந்தீர்கள் என்று கேட்டோம், என்ன பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மகனிடம், அம்மா கோல் எடுத்தால் கேட்டு வரச் சொன்னேன். திங்கட்கிழமை ஓடி வந்தான். "டீச்சர், வெயில் காலத்தில மேல்தாங்கித் தண்ணி கொதிக்குமாம். அம்மா இரவே வாளியில பிடிச்சு ஆறவெச்சுத்தான் குளிக்கிறாவாம்!" வகுப்பே அவனைச் சுற்றி நின்றது.

வாகரை, ஓட்டமாவடி, வாழைச்சேனை உறவுகளே, உங்கள் வீட்டிலும் அங்கே இருந்து வந்த ஒருவர் இருப்பார். இன்றைக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வதைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.