மலை தந்த மின்சாரம்

சயானிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், வீட்டு விளக்கின் ஒளி எங்கிருந்து வருகின்றது என்று எண்ணுவோர் மிகச் சிலரே. மாத முடிவில் பில் வரும்போதுதான் மின்சாரம் நம் நினைவுக்கு வருகின்றது. ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம் நாள்தோறும் ஏறிச் செல்வதும் மின்சார வண்டியே. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவராயினும், இப்பொருள் பற்றி நாம் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றைச் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

மின்சாரம் பிறக்கும் முறை எளியதே. கம்பிச் சுருளுக்கருகே காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் பாயும். 1831-ஆம் ஆண்டில் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் இவ்வுண்மையைக் கண்டறிந்தார். எஞ்சிய கேள்வி, சுழற்றுவது எது என்பதே. நிலக்கரியை எரித்து, நீராவியின் விசையால் சுழற்றலாம். செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் உள்ள அனல் நிலையம் இவ்வகையது. ஆனால் எரிந்த கரி மீளாது. அதன் புகையோ காற்றில் கலந்துவிடும். விழும் நீரும் வீசும் காற்றும் சுழற்றுமாயின் எரிப்பதற்கு ஒன்றுமில்லை. இயற்கை அவற்றை ஆண்டுதோறும் திரும்பத் தருகின்றது.

பம்பாய்க்கு இத்தகைய மின்சாரம் புதியதன்று. ஜாம்ஷெட்ஜி டாடா கண்ட கனவு, அவர் மறைந்த பின் 1915-இல் கோபோலி நீர்மின் நிலையமாக நிறைவேறிற்று. நகரத்து நூற்பாலைகள் அம்மின்சாரத்தைப் பெற்றன. 1922-இல் பிவ்புரியும் 1927-இல் பீராவும் தொடர்ந்தன. சென்ற மழைக்காலத்தில் குடும்பத்தோடு கோபோலிக்குச் சென்றிருந்தோம். நிலையத்துக்குள் நுழையவில்லை, மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைத் தொலைவில் நின்று கண்டோம். லோணாவளாப் பக்கத்து ஏரிகளில் தேங்கிய மழைநீர், ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து அக்குழாய்களின் வழியே பாய்ந்து, கீழே சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிச் சுழற்றுகின்றது. கிழக்கே ஓடி வங்கக் கடல் சேர வேண்டிய நீர், மேற்கே திரும்பி நமக்கு விளக்கேற்றுகின்றது!

ஆயினும் இவ்வொளிக்கு விலை கொடுத்தவர்களை நாம் மறத்தலாகாது. பீரா நிலையத்துக்காக முல்ஷிப் பள்ளத்தாக்கில் அணை எழுந்தபோது, விளைநிலங்களும் ஊர்களும் நீரில் மூழ்கின. 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் உழவர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர், பலர் சிறை சென்றனர், அணை நிற்கவில்லை. இவ்வரலாற்றைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. நம் முன்னோரில் பலர் வானம் பொய்த்தமையால் திருநெல்வேலிச் சீமையை விட்டு இங்கு வந்தவர்கள். நீரின்றி ஊர் விட்டவர் நாம். நீரினாலேயே ஊர் இழந்தவர் அவர்கள். அவர்தம் வயல்களின் மேல் நின்ற நீரால் நம் குழந்தைகள் விளக்கொளியில் பாடம் படித்திருக்கின்றனர்.

இன்று வேறு வழிகளும் உள. நாகர்கோவில் வண்டியில் ஊர் செல்வோர், ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது காற்றாலைகள் சுழலக் காண்பர். தென்மேற்குப் பருவக்காற்று அக்கணவாய் வழியே விரைந்து வீசுவதே காரணம். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அங்கே சுழலும் சக்கரமே இல்லை. வெயில் பட்டதும் சிலிக்கன் தகடுகளிலேயே மின்சாரம் பிறக்கின்றது. ஆனால் கதிரவன் இரவில் இல்லை. காற்றும் எந்நாளும் ஒருபடியாக வீசுவதில்லை. ஆதலின் மிகுந்த மின்சாரத்தைக் கொண்டு நீரை மேலே ஏற்றிவைத்து, வேண்டும்போது இறக்கிப் பயன்கொள்ளும் முறையும் உண்டு. பீராவில் அவ்வசதி இருக்கின்றது.

தூய மின்சாரம் வேண்டும். அது வளர்க என்றே நாமும் விழைகின்றோம். எனினும் புகையில்லாத மின்சாரமும் யாரோ ஒருவரின் நிலத்தில்தான் பிறக்கின்றது. இனி எழும் நிலையங்களுக்கு நிலம் தருவோருக்கு நியாயமான ஈடும் வாழ்வும் முதலில் கிடைக்க வேண்டும். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பது கஞ்சத்தனம் அன்று. நமக்காக இழந்தவர்க்கு நாம் செய்யும் மரியாதை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.