ஊருக்குப் பசிக்கும் நேரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வீட்டு அலமாரியில் எப்போதும் பால்கோவா இருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். எங்கள் உறவிலேயே உண்டு. அந்த ஊரில் பால்கோவா வாங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விஷயம் புரியும். கோயிலுக்கு வந்துவிட்டு பஸ் ஏறப் போகிறவர்கள், குற்றாலத்துக்குப் போகிற வழியில் வண்டியை ஓரம்கட்டியவர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் அரைக் கிலோ கட்டச் சொன்னால், அதுவும் பெரும்பாலும் மகள் வீட்டுக்கோ மேலதிகாரிக்கோ போகிற பொட்டலமாகத்தான் இருக்கும்.

பெயர் பெற்ற பண்டம் ஊரைவிட்டு வெளியே போவதற்கென்றே ஆகிறது. ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிற சாப்பாடு வேறு. புதிதாக ஓர் ஊருக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் "அங்க என்ன ஃபேமஸ்?" என்று கேட்கும்போது, "அங்க எத்தனை மணிக்குப் பசிக்கும்னு கேளு" என்று சொல்லி அனுப்புவேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே போய் வந்தே வயதைக் கழித்தவன் நான். தென்காசி ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் இரண்டு ஊருக்கும் பசிக்கிற நேரம் வேறு வேறு.

பால்கோவாவை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பாலும் சர்க்கரையும் தவிர அதற்குள் எதுவும் போகக் கூடாது. அகலமான சட்டியில் பாலை ஊற்றி, விறகடுப்பில் ஏற்றி, அடிப்பிடிக்க விடாமல் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். கை ஓய்ந்தால் போச்சு. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை என்று போட்டால், முடிவில் மூன்று கிலோவை ஒட்டித்தான் தேறும். மற்றதெல்லாம் ஆவியாகிப் போகும். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் கடையின் பெயரைச் சொல்வதில்லை, கணக்கைச் சொல்கிறேன். அன்றைக்குப் பால் லிட்டர் என்ன விலை என்று விசாரி. பத்து லிட்டருக்கு ஆகிற பணத்தோடு சர்க்கரை, விறகு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து மூன்றால் வகுத்துப் பார். அதற்கும் கீழே ஒருவர் கிலோ விற்கிறார் என்றால், அவருடைய சட்டியில் இறங்கியது பால் மட்டும் இல்லை. நாக்கை ஏமாற்றிவிடலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கை ஏமாற்றுவது கஷ்டம்.

இந்தப் பண்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க விரும்பினால் கடைக்குப் போகாமல் பால் ஊற்றுகிற இடத்துக்குப் போக வேண்டும். சுற்றுக் கிராமங்களில் மாடு வளர்க்கிறவர்கள் சைக்கிளிலும் மொபெட்டிலும் கேனைக் கட்டிக்கொண்டு கூட்டுறவு சங்கத்துக்குக் கொண்டுவருகிற காலை நேரமும் சாயங்கால நேரமும்தான் அதற்குத் தோது. இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் தன் பாலை அளந்து ஊற்றிவிட்டுச் சீட்டை வாங்கிச் சரிபார்க்கிற விதத்தைப் பார்த்துவிட்டு அதன்பின் பால்கோவா தின்று பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கடிகாரம் கோயில்தான். மார்கழியில் ஊர் விழிப்பது ஒரு மாதிரி. ஆடிப்பூரத் தேர் அன்றைக்குத் தேரடியில் கால் வைக்க இடமில்லாதபோது ஊருக்குப் பசிப்பது இன்னொரு மாதிரி. அந்த ஊரின் சாப்பாட்டை ஒரே ஒரு நாளில் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் மார்கழி 27-ஐச் சொல்வேன். கூடாரவல்லி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் பாலிலேயே குழைந்து, வெல்லமும் நெய்யும் சேர்ந்த அக்காரவடிசில் அன்றைக்கு ஆண்டாளுக்குப் படைக்கப்படும்.

அதற்குப் பின்னால் ஒரு வாக்கு இருக்கிறது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். அவளால் முடியாமல் போனதை, நெடுங்காலம் கழித்து ராமானுஜர் நிறைவேற்றினார் என்பது வைணவ மரபு. அதை முடித்துவிட்டு அவர் வில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாளே "அண்ணா" என்று எதிர்கொண்டாளாம். நடந்ததா என்று வாதாட எனக்கு வயதில்லை. ஒருத்தி சொல்லிவிட்டுப் போன சாப்பாட்டு வாக்கைக் காப்பாற்றியதற்காக ஒருவருக்கு அண்ணன் முறை கொடுத்த ஊர் என்பதே எனக்குப் போதும். இந்த அக்காரவடிசிலை வேறொரு நாளில், வேறோர் ஊரில், கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் ருசியாகவே இருக்கலாம். விடியலில் குளிரில் வரிசையில் நின்றவன் உள்ளங்கையில் சூடாக விழுந்ததற்கு அது ஈடாகாது.

ராஜபாளையத்தில் கடிகாரம் மில். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பாலைகள் வந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு பெருகியது. மூன்று ஷிப்டில் வேலை நடக்கிற ஊரில் காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு என்ற வரிசைக்கு அர்த்தம் கிடையாது. ஒருவன் வேலை முடித்துத் தூங்கப் போகிறபோது இன்னொருவன் பல் துலக்கிவிட்டு வருகிறான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். முன்னவனுக்கு அது ராத்திரி, பின்னவனுக்கு விடியல்.

புரோட்டாவை உடம்புக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எனக்கும் இப்போது ஆகாதுதான். ஆனால் அது எங்கள் ஊரில் ஏன் இப்படி வேரூன்றியது என்று யோசித்தால், ராத்திரி ஷிப்டுக்காரனின் வயிறு தெரியும். இட்லி நடுச்சாமத்துக்குள் கரைந்துவிடும். புரோட்டா விடியும்வரை தாங்கும். பிசைந்து, எண்ணெய் தடவி, ஊறப்போட்ட உருண்டையை மாஸ்டர் வீசி விரித்து, மடித்து, சுருட்டி, கல்லில் போட்டு எடுத்து, நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்துப் பிரிப்பார். பிய்த்துப் போட்டு சால்னாவில் முங்க ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். தொட்டுத் தின்கிறவன் வெளியூர்க்காரன். விருதுநகரில் இதையே எண்ணெயில் போட்டு முறுகலாகப் பொரிப்பார்கள். எண்ணெயும் பருப்பும் வத்தலும் கைமாறுகிற சந்தை ஊர் அது. பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்றே தனியாகப் போடுவார்கள். எண்ணெய் வியாபாரிகளின் ஊர் புரோட்டாவை எண்ணெயில் முக்குவதில் என்ன ஆச்சரியம்?

சாயங்காலத்தில் எங்கள் பக்கம் பருத்திப்பால் வரும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலைக் காய்ச்சி, கொஞ்சம் அரிசிமாவு, கருப்பட்டி, சுக்கு, தேங்காய்ப்பூ சேர்ப்பார்கள். பஞ்சு மில்லுக்குப் போனது, கொட்டை மாட்டுக்கும் மனுஷனுக்கும் வந்தது. ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் என்றே ஓர் இடம் உண்டு. இன்றைக்கு அந்த நிறுத்தத்தில் இறங்குகிற சின்னப் பிள்ளைகளுக்கு அது வெறும் பஸ் ஸ்டாப் பெயர்.

ஓட்டலில் எப்போதும் கிடைக்காததும் இந்த ஊரில் உண்டு. பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய ராஜுக்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார்கள். அந்த வீடுகளின் ஊறுகாயும் பருப்புப்பொடியும் யாராவது கூப்பிட்டு இலை போட்டால்தான் உண்டு. கடை கடையாகச் சுற்றி ஊரை முழுசாகத் தின்றுவிட்டேன் என்று சொல்கிறவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

சந்தைக்கு வருவோம். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. விளைவித்தவரே விற்க வேண்டும், இடைத்தரகர் கூடாது, விலையைப் பலகையில் எழுதிப்போட வேண்டும் என்பது ஏற்பாடு. விடிந்தும் விடியாமலும் போகிறவனுக்குத்தான் அது சந்தை. வெயில் ஏறிய பிறகு போனால் வெண்டைக்காயில் மிச்சம் கிடப்பது முற்றியதுதான். நான் இளவட்டங்களை அழைத்துக்கொண்டு போனால் முதலில் எதையும் வாங்க விடமாட்டேன். ஒரு சுற்று சும்மா நடக்க வேண்டும். எந்தக் காய் எல்லாருடைய தரையிலும் குவிந்து கிடக்கிறதோ அதுதான் இன்றைக்கு மண் கொடுக்கிற காய். அதை வாங்கினால் காசும் குறைவு, ருசியும் அதிகம். வீட்டிலிருந்தே எழுதி எடுத்துக்கொண்டு போகிற சீட்டு, சந்தையைப் பார்க்க விடாமல் கண்ணைக் கட்டிவிடும்.

பேரம் பேசுவது ஏழையை வதைப்பது என்று இப்போது சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விலை எழுதிப்போட்ட இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. தெருவில் கூடை இறக்குகிறவரிடம் பேசலாம். அவருக்கும் பேச்சு வேண்டும். தராசில் வைப்பதற்கு முன்னால் பேசு, நிறுத்த பிறகு பேசாதே. எடை போட்டுப் பையில் விழுந்ததும் "அஞ்சு ரூவா குறைச்சுக்கோ" என்று சொல்கிறவனைப் பார்த்தால் எனக்கு முகம் சுருங்கும். அது பேரம் இல்லை, மடக்குவது.

சித்திரை, வைகாசியில் வந்தால் மாம்பழம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டை இறங்கும். பெயருக்கேற்றபடி தட்டையாக, பார்வைக்கு ஒன்றும் இல்லாதது போல இருக்கும். வெளியூர்க்காரர் கை முதலில் அதன்மேல் போகாது. விற்கிற அம்மா விலையைச் சொல்வதற்கு முன் கேட்கிற கேள்வி: "எப்பத் திங்கப் போறீக?" இன்றைக்கு என்றால் ஒரு குவியல், நாளை மறுநாள் என்றால் வேறொரு குவியல். ஒருமுறை எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்லதா ரெண்டு கிலோ போடுங்க, எப்பன்னா என்ன?" என்றார். அந்த அம்மா பழத்தை எடுக்கவே இல்லை. "எப்பத் திங்கப் போறீகன்னு சொன்னாத்தானய்யா நல்லது எதுன்னு நான் சொல்ல முடியும்" என்றார். வாங்க வந்தவருக்குக் கோபம் வந்தது. எனக்கோ அந்த அம்மாவைத் தூக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போட வேண்டும் போலிருந்தது.

ஒரு கடையைப் பற்றிப் பேச யாருக்கு உரிமை என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு நட்சத்திரம் போடுகிறார்கள். வழக்கமாக நான் போகும் ஓர் ஓட்டலில் ஒருநாள் சாம்பார் வாயில் வைக்க முடியவில்லை. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்த அடுத்த இலைக்காரர், "மாஸ்டர் மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போயிருக்காப்ல. வியாழக்கிழமை வந்துருவாப்ல" என்றார். அவரும் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தை ஆணா பெண்ணா என்று நான் கேட்டேன். முதல்முறை வந்தவன் அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தால் ஒரு நட்சத்திரத்தோடு அந்தக் கடையின் கதையை முடித்திருப்பான். குறை சொல்வதற்கும் கொஞ்சம் வாடிக்கை வேண்டும். நல்ல கடை எது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த அடையாளமும் அதுவே: பரிமாறுகிறவர் சிலருக்குக் கேட்டு வைக்கிறார், சிலருக்குக் கேட்காமலே வைக்கிறார் என்றால் அங்கே தைரியமாக உட்காரலாம்.

இதெல்லாம் சின்ன ஊருக்குத்தான் சரிப்படும், சென்னையில் யாருக்கு யாரைத் தெரியும் என்று என் பேரன் வாதிட்டான். அவன் சைதாப்பேட்டையில் அறை எடுத்து வேலை பார்க்கிறான். மூன்று வேளையும் போனில் ஆர்டர் போட்டுத் தின்றுகொண்டிருந்தான். சென்னைக்கு ஒரு கடிகாரம் போதாது, தெருவுக்கு ஒன்று உண்டு என்றேன். கொத்தவால் சாவடி ஜார்ஜ் டவுனில் இருந்தவரைக்கும் அந்தப் பக்கத்து டீக்கடைகளுக்கு ராத்திரியே கிடையாது. 1996-இல் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனதும், லாரிக்காரர்களின் பசியும் கூடவே போய்விட்டது. பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் போனால் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸைத் தள்ளுவண்டியில் பிசைந்து கொடுப்பார்கள். சௌகார்பேட்டைக்குப் பசிப்பது விளக்கு வைத்த பிறகு. "உன் தெருவுக்கு எப்பப் பசிக்குதுன்னு பாரு, அப்ப இறங்கிப் போ" என்று சொல்லி வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டான். "தாத்தா, தெருமுனையில ஒரு அம்மா காலையில ஆறரைக்கு இட்லி போடுறாங்க. கார்ப்பரேஷன் ஆளுங்க வேலைக்கு இறங்குற நேரம். வடகறி அவ்வளவு நல்லா இருக்கு. போன்ல போட்டுவிடட்டுமா, அஞ்சு ஸ்டார்?"

"பொறுடா. தீபாவளிக்கு அந்த அம்மா ஒரு வாரம் லீவு விடட்டும். அந்த ஒரு வாரம் என்ன பண்றேன்னு பாத்துட்டு அப்புறம் போடு."

"அவங்க தீபாவளிக்கு ஊருக்குப் போறதில்லையாம் தாத்தா. பொங்கலுக்குத்தானாம். அதுக்கு இப்பவே என்கிட்ட டிக்கெட் போடச் சொல்லியிருக்காங்க."