ஏரிப்பாசியும் எரிந்த மோட்டாரும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பம்பையும் கம்ப்ரசரையும் ஓட்டுகிற மோட்டார்களுக்கு ஒரு காவலாள் உண்டு. தொழிலாளர் மொழியில் அதன் பெயர் ஓவர்லோடு ரிலே. வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டி உள்ளே வைத்திருப்பார்கள். மின்னோட்டம் அளவு மீறினால் அது சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டித்துவிடும். 'ட்ரிப் ஆயிடுச்சு' என்பார்கள். தமிழ் கற்பிக்கும் எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று இப்பக்கத்து நண்பர்கள் கேட்கக்கூடும். அண்டை வீட்டுக்காரர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. அவர் சொல்லித் தெரியும்.

அவருடைய மகள் எட்டாம் வகுப்பு மாணவி. பழவேற்காட்டில் பார்த்த படகுகளின் நினைவில், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் ஒரு படகு செய்தாள். 40 ரூபாய் பொம்மை மோட்டார் ஒன்று. பழைய மடிக்கணினி பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று. ஊர் ஏரியில் படகு பத்தடி ஓடியது. பிறகு வேலம்பாசி விசிறியைச் சுற்றிக்கொண்டது. கரைக்கு இழுப்பதற்குள் மோட்டாரின் பின்மூடி இளகி, கருகல் வாடை வந்துவிட்டது. இவ்வாறு மூன்று மோட்டார்கள் போயின. நான்காவது கிடையாது என்று தந்தை சொல்லிவிட்டார். அக்குரலில் கோபத்தைவிடக் கணக்கே மிகுதியாக இருந்தது.

எங்கள் பள்ளிக் காலத்திலும் இதே போன்ற மோட்டார்கள்தாம். அவற்றை விரலால் அழுத்தி நிறுத்தி விளையாடியதுண்டு. அவ்வளவு எளிதில் எரிந்ததில்லை. காரணம் மோட்டாரில் இல்லை, செல்லில் இருந்தது. அன்றைய பென்சில் செல் பலவீனமானது. மிகுதியாகக் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது. அந்த வறுமையே மோட்டாருக்குக் காவலாயிற்று. லித்தியம் செல்லோ கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் வள்ளல்.

சுழலும் மோட்டார் தானும் ஒரு டைனமோ போல எதிர்த்திசையில் மின்னழுத்தம் உண்டாக்குகிறது. அதுதான் உள்ளே வரும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. சுழற்சி நின்றால் அந்த எதிர்ப்பும் இல்லை. மெல்லிய செம்புக் காயில் மட்டுமே எஞ்சும். தொட்டித் தண்ணீரில் ஓடும்போது மல்டிமீட்டர் அரை ஆம்பியர் காட்டியது. விசிறியை ஒரு நொடி பிடித்து நிறுத்தினால் இரண்டு ஆம்பியரைத் தாண்டியது. மின்னோட்டம் நான்கு மடங்கானால் வெப்பம் பதினாறு மடங்காகும். 1841இல் இவ்விதியை வெளியிட்ட ஜூல், மது வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நீராவி எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டாரைக் கொண்டுவர முடியுமா என்று தம் கையால் மோட்டார்கள் செய்து பார்த்தவர். வெப்பத்தின் கணக்குக்கு அவர் வந்து சேர்ந்தது அந்த வழியில்தான். நம் பாடநூல்கள் விதியைத் தருகின்றன. இந்த மனிதரைத் தருவதில்லை.

"உங்க மில்லுல இருக்கிற மாதிரி சின்னதா ஒரு ரிலே கிடைக்காதாப்பா?" என்று சிறுமி கேட்டாள். தந்தைக்கு விடை தெரியவில்லை. காயில் கட்டும் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடி ஃபியூஸ் வேண்டாம் என்றார் அவர். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் மோட்டார் நின்ற நிலையின் மின்னோட்டத்தையே ஒரு கணம் இழுக்கும். துடுக்கான ஃபியூஸ் அதற்கே போய்விடும், பிறகு அதையும் மாற்றவேண்டும். அவர் எடுத்துக் கொடுத்தது பாலிஃபியூஸ்: மஞ்சள் நிறத்தில் மாத்திரை போன்ற சிறு வில்லை, இரண்டு கம்பிக்கால்கள். உள்ளே பிளாஸ்டிக்கில் கரித்துகள் கலந்திருக்கும். சூடேறினால் பிளாஸ்டிக் விரியும், துகள்களின் தொடர்பு அறும், மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுபோகும். ஆறினால் மீண்டும் வழிவிடும். மில் ரிலேயைப் போலவே இதுவும் வெப்பத்தைக் கொண்டுதான் தீர்ப்புச் சொல்கிறது.

அரை ஆம்பியருக்கு 0.65 அளவுள்ளது போதும் என்று நான் நினைத்தேன். வெயிலில் வில்லையின் தாங்குதிறன் குறையும், ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துவிடும், எனவே 0.75 போடுங்கள் என்றார் அவர். அந்த அளவுகள் குளுமையான அறைக்கு எழுதப்பட்டவை. சித்திரை மாதத்துத் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அல்ல. இதற்கும் ஒரு குறை உண்டு. துண்டிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். துண்டித்த பின் சுவிட்சை அணைத்தால்தான் ஆறும். இணைப்பிலேயே விட்டால் சூடாகவே இருந்து வழியை மறித்திருக்கும். பாசியை அகற்றியதும் படகு தானே கிளம்பிவிடாது.

ஆலைகளில் ரிலே அடிக்கடி துண்டித்தால் வேலை கெடுகிறதென்று அதன் திருகைக் கூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தந்தை சொன்னார். வீடுகளில் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றுகிறோமே, அதே புத்திதான். சிறுமியின் வகுப்பில் ஒரு பையனுக்கும் அது இருந்தது. வில்லையைக் கழற்றிவிட்டால் படகு இன்னும் வேகமாகப் போகும் என்றானாம். அவன் சொன்னது உண்மையே. வில்லைக்கும் சிறிது மின்தடை உண்டு.

"எரிஞ்சா நாப்பது ரூபா நீ குடுப்பியா?" என்று கேட்டாளாம் இவள்.