புத்தளத்துக் கரையில் பொறுமை

கொழும்பிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், கடலேரியின் கரையில் அமைந்துள்ளது புத்தளம். வெண்ணிறக் குவியல்களாய் மின்னும் உப்பளங்களும், வானளாவிய தென்னைகளும் அவ்வூரின் அடையாளங்கள். ஆனால், சுற்றியுள்ள சிற்றூர்களில் நடந்து, எதிர்ப்படும் பெரியவர்களிடம் சொந்த ஊர் எதுவென்று வினவினால், யாழ்ப்பாணம் என்றும் மன்னார் என்றும் முல்லைத்தீவு என்றும் விடை வருகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களிற் சிலர்கூடத் தந்தையின் ஊரையே தம் ஊராகக் கூறுகின்றனர்.

இதற்குக் காரணம் 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இலங்கையின் வட மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேறுமாறு கட்டளையிட்டனர். அக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேர அவகாசமே அவர்களுக்குக் கிடைத்தது. வீடும் கடையும் நகையும் பறிபோயின. மன்னார்த் தீவின் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். இவ்வாறு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

வந்தவர்களுக்குப் புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டனர். தம் உணவைப் பகிர்ந்தளித்தனர். மக்கத்து முஹாஜிர்களை மதீனத்து அன்ஸாரிகள் அரவணைத்த வரலாறு நம் நினைவுக்கு வராமல் இராது. எனினும், உண்மையை மறைப்பதில் பயனில்லை. மாதங்கள் ஆண்டுகளானபோது, நிலமும் நீரும் வேலையும் இரு சாராருக்கும் போதாமற்போயின; மனத்தாங்கல்களும் எழுந்தன. விருந்தினருக்கு மட்டுமன்றி, விருந்தளித்தவருக்கும் அது பொறுமையின் சோதனையாகவே அமைந்தது.

தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிசைகளில், மழைக்கும் வெயிலுக்கும் நடுவே, உலர் உணவுப் பங்கீட்டை நம்பிக் காலம் கழிந்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் வீட்டுத் திட்டம் தொடங்கியது 2007இல்தான். அதற்குள் பதினேழு ஆண்டுகள் உருண்டோடியிருந்தன! குடிசையில் தவழ்ந்த குழந்தை வாலிபப் பருவத்தை எட்டியிருந்தது.

இவ்விடத்தில் நாம் சிந்திக்க வேண்டிய ஒன்றுண்டு. ‘ஸப்ர்’ என்றால் வாய்மூடி முடங்கிக் கிடப்பது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இழந்தவர் அழுதால், “அல்லாஹ்வின் நாட்டம், அழாதீர்கள்” என்று கூறி அவர் வாயை அடைத்துவிடுகிறோம். ஆனால், அழகிய பொறுமைக்குத் திருக்குர்ஆன் காட்டும் உதாரணம் நபி யஃகூப் (அலை) அவர்கள். மகன் யூசுஃபை இழந்த துயரத்தில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின. தம் துக்கத்தை இறைவனிடமே முறையிட்டார்கள். அதே வேளையில், இறையருளில் நம்பிக்கை இழக்காமல் யூசுஃபைத் தேடிச் செல்லுமாறு தம் மக்களை அனுப்பினார்கள். கண்ணீர், முறையீடு, தேடுதல் ஆகிய மூன்றும் அவர்களது பொறுமைக்குள் அடங்கியிருந்தன.

புத்தளத்தில் காண்பதும் இத்தகைய பொறுமையே. அவர்கள் ஊரை மறக்கவில்லை. உரிமை கேட்பதை நிறுத்தவில்லை. அதே சமயம், தாம் பிரிந்து வந்த தமிழ் அயலவரைப் பகைவராக்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவில்லை அங்குள்ள பல பெரியோர்கள். தம்மை வழியனுப்பிய அயலவர் சிந்திய கண்ணீரையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆயுதம் ஏந்தியோர் செய்த அநீதியை ஓர் இனத்தின் மீதே சுமத்தாமல் இருப்பதற்கு எத்துணை மன உறுதி வேண்டும்!

2009இல் போர் முடிந்தது. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுக்குச் சில குடும்பங்கள் திரும்பின. இடிந்த சுவர்களுக்கிடையே புது வீடுகள் எழுந்தன. பள்ளிவாசல்களில் மீண்டும் பாங்கொலி கேட்டது. பலரோ, பிள்ளைகளின் கல்வியையும் தொழிலையும் கருதிப் புத்தளத்திலேயே தங்கிவிட்டனர். திரும்பியவரும் தங்கியவரும் இறைவனின் நாட்டத்தை ஏற்றவர்களே. அவன் விதித்ததை ஏற்பது வேறு, மனிதர் இழைத்த அநீதியை நியாயம் என்று ஒப்புக்கொள்வது வேறு என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டியுள்ளனர்.

நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ துன்பம் வந்து நிற்கும்போது, பொறுமையைப் போதிக்கும் முன், புத்தளத்து மக்கள் முதல் நாளில் செய்ததுபோல் கதவைத் திறப்போமாக. அழுபவரை அழ விடுவோமாக. அவர் தேடுவதை உடன் சென்று தேடுவோமாக. வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அழகிய பொறுமையை அருள்வானாக! ஆமீன்.