ஆடிப்போதல்

இங்கிலீஷில் ‘ஸ்டேகர்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. தள்ளாடி நடப்பதற்கும் அதுதான், ஒரு சேதியைக் கேட்டு அதிர்ந்துபோவதற்கும் அதுதான். என் தொழிலில் இன்னொரு பொருளும் உண்டு. புது வெர்ஷனை எல்லா சர்வரிலும் ஒரே நேரத்தில் ஏற்றாமல், முதலில் நூற்றில் ஒன்று, பிறகு பத்து, பிறகு பாதி என்று இடைவெளி விட்டு ஏற்றினால் அது ‘ஸ்டேகர்டு ரோல்அவுட்’. வாரத்துக்கு நாலு முறையாவது மீட்டிங்கில் இதைச் சொல்கிறேன். மூன்று வருஷமாக, சொல்லும்போதெல்லாம் நினைவுக்கு வருவது அப்பாவின் நடை.

அப்பா புதுச்சேரி மின்துறையில் லைன்மேனாக இருந்தவர். முப்பது வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்ற வருஷம் அவருக்குத் தரை ஆட ஆரம்பித்தது. அப்படித்தான் சொன்னார்: “நான் ஆடலடா, தரைதான் ஆடுது.” கால்களை அகட்டி வைப்பார். ஒவ்வொரு அடியும் விழுகிற இடம் அவருக்கே புதுசாக இருக்கும். திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் தேடும். பேச்சும் கொஞ்சம் இழுக்கும்.

வேறு ஊரில் இப்படி ஒருவர் நடந்தால் உடம்பு சரியில்லை போல என்று நினைக்கக்கூடும். இங்கே வாய்ப்பு கம்மி. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் இன்னும் ஏலம் போகிற ஊர் இது. சனி, ஞாயிறு ஆனால் சரக்கு விலை குறைவென்று தமிழ்நாட்டிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திய பிறகு, காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் நடுவே அப்பா நடந்தால் குடும்பங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கும். ஒரு ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்துவிட்டு என்னிடம், “பெரியவருக்கு வூட்டுலயே வாங்கிக் குடுத்துடுங்க சார், ரோட்டுல வேணாம்” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். அப்பா ஒரு நாளும் குடித்ததில்லை.

நரம்பியல் மருத்துவர் அப்பாவை ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி, பத்து அடி. மூன்றாவது அடியில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் சாலையோரம் நிறுத்திப் போதையைச் சோதிக்கப் போலீஸ் வைக்கிற பரீட்சைகளில் ஒன்றும் இதேதான். காரணம் இருக்கிறது. சாராயம் கலைத்துப்போடுகிற இடங்களில் ஒன்று சிறுமூளை. அப்பாவுக்குச் சுருங்கிக்கொண்டிருப்பதும் சிறுமூளை. ஆக, பார்க்கிறவர்களின் கண் பொய் சொல்லவில்லை.

மருத்துவர்களிடம் நடைக்கு ஏகப்பட்ட பெயர்கள். பார்க்கின்சன் வந்தவர் சின்னச் சின்ன அடியாக முன்னால் விழுவதுபோல விரைவதற்கு ஒன்று, பக்கவாதம் வந்தவர் காலை அரைவட்டமாகச் சுழற்றி வைப்பதற்கு ஒன்று, அப்பாவின் நடைக்கு ‘அடாக்ஸியா’. கிரேக்கத்தில் ஒழுங்கின்மை என்று பொருளாம். பொது இங்கிலீஷும் லேசுப்பட்டதில்லை. குழந்தைக்கு ‘டாடில்’, கிழவருக்கு ‘டாட்டர்’, கப்பலுக்கும் குடிகாரருக்கும் ‘லர்ச்’.

தமிழில் இல்லையா என்ன? நொண்டுவது, கெந்துவது, விந்துவது, தாங்கித் தாங்கி நடப்பது, தத்தித் தத்தி நடப்பது, கால் பின்னுவது, இடறுவது. ஒவ்வொன்றும் வேற வேற கால். குழந்தைக்குத் தளர்நடை, முதியவருக்குத் தள்ளாமை. ஆனால் நடமாடிக்கொண்டிருக்கிற ஒரு ஆம்பளையைக் காட்டி ‘தள்ளாடுறாரு’ என்று சொல்லிப் பாருங்கள். மிச்சமிருப்பது ஒரே அர்த்தம்தான். சினிமாவும் தெருவும் சேர்ந்து அந்தச் சொல்லைக் குடித்துவிட்டன.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவர்தான் அப்பாவை முதலில் கவனித்தவர். ‘தித்யூபே’ என்றார். பிரெஞ்சில் தள்ளாடுவது. கூடவே, “தலையும் ஆடுது பாரு தம்பி, இது வேற” என்றார். சிறுமூளை கெட்டவர்களின் தலையும் உடம்பும் மெல்ல ஆடுவதற்கு மருத்துவத்தில் ‘டிட்டுபேஷன்’ என்றே பெயர் இருப்பதை நான் பிறகுதான் படித்தேன். அவர் படித்திருக்க மாட்டார். பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஸ்டேகர் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். அங்கே ‘ஸ்டக்ரா’ என்றால் தள்ளுவது. தள்ளாடுதலிலும் ஒரு தள்ளு கேட்கிறது இல்லையா? அதிர்ச்சி என்கிற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டதாம். நமக்கு அந்த வேலையை ‘ஆடு’ செய்கிறது. அல்லாடு, திண்டாடு, ஊசலாடு, எல்லாம் அவஸ்தைகள். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த அன்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது: “அவரு ஆடுறாரு, நாங்க ஆடிப்போயிட்டோம்.” எந்த அகராதிக்காரரும் இதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் வியப்புக்கு மருட்கை என்று பெயர். அது நாலு வழியில் பிறக்கும்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்த எனக்கு இது தாமதமாகத்தான் கைக்கு வந்தது. பெரியதைப் பார்த்து மலைப்பது தெரியும். சின்னதைப் பார்த்தும் வியப்பு வரும் என்று தனியாகப் பிரித்து வைத்தது யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. சிறுமூளை மொத்த மூளையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூளையின் நரம்பணுக்களில் பாதிக்குமேல் அதற்குள்தான் இருக்கின்றன. அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் வந்த பெயர் ‘எஸ்சிஏ 1’. ஒரு மரபணுவில் சி, ஏ, ஜி என்று மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். பொதுவாக 30 தடவை அளவில் வரும். 40-ஐத் தாண்டினால் நோய். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, லூப் கொஞ்சம் கூடுதலாக ஓடிவிட்டது. நான் தினமும் திருத்துகிற வகை பக்.

பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பன் வழியாக இறங்கும்போது எண்ணிக்கை கூடலாம். கூடினால் சீக்கிரமே தொடங்கும். ரோல்அவுட்தான், வேறென்ன.

ரிசல்ட் வந்த வாரம் அத்தை பாகூரிலிருந்து வந்தார். எங்கள் தாத்தாவைப் பற்றிக் குடும்பத்தில் ஒரே கதைதான்: குடித்தே அழிந்தவர். அறுபதுக்குமேல் தெருவில் ஆடிக்கொண்டே போவார், ஒரு நாள் வாய்க்காலில் விழுந்து செத்தார். எனக்கு அப்போது ஐந்து வயசு. கல்யாண வீடுகளில்கூட யாராவது கிளாஸைத் தூக்கினால் அவர் பெயரைச் சொல்லித்தான் அதட்டுவார்கள். அத்தை சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா கூடத்தைக் கடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எங்கப்பா இப்டித்தாண்டா நடந்தாரு. கிட்ட போனா வாடையே வராது. நான் மோந்து பாத்திருக்கேன். ஊரே சொல்லுச்சு, கடைசில நாங்களும் சொன்னோம்.”

நிரூபிக்க வழியில்லை. அவருடைய ரத்தம் எந்த லேபிலும் இல்லை. இருக்கிறது ஒரே ஒரு போட்டோ, அதில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா இப்போது கைத்தடி வைத்திருக்கிறார். அவர் சமநிலைக்கு அதனால் பெரிய உபயோகம் இல்லை. ஆனால் தடியைப் பார்த்ததும் ஜனங்கள் வழிவிடுகிறார்கள், ஆட்டோ நிற்கிறது. தங்கை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டாள். நான் இன்னும் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, காலையில் எல்லாரும் எழுவதற்கு முன் வராந்தாவில் டைல்ஸ் கோட்டின்மேல் குதிகாலும் விரலுமாகப் பத்து அடி நடந்து பார்ப்பேன், திரும்பிப் பத்து. போன வாரம் திரும்பும்போது அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“நேராத்தான்டா நடக்கற,” என்றார். “போய் பல்ல வெளக்கு.”