வலைக்கு முன் நிற்பவன்



எங்கள் மூத்தவனுக்கு இப்போது வயது பதினைந்து. ஹாக்கியில் கோல்கீப்பர். கோவில்பட்டியில் இதைச் சொன்னால் எவரும் வியப்பதில்லை. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது கதவுக்குப் பின்னால் ஹாக்கி மட்டை சாத்தியிருக்கும். கோடை வந்தால் கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும். ரயில்வே அணி, வங்கி அணி என்று வடக்கிலிருந்தெல்லாம் வந்து ஆடுவார்கள். மின்விளக்கு வெளிச்சத்தில் பஞ்சாபி இளைஞர்கள் ஆடுவதைக் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆகவே மகன் ஹாக்கி ஆடுவது எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. 'படிப்பை விட்டுவிடமாட்டேன், ஆனால் இதுதான் என் தொழில்' என்று அவன் சொன்ன நாளிலிருந்துதான் பிரச்சினை ஆனது. அதற்குக் காரணம் ஓர் அணியின் ஒரு பருவம். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் ஆடியவன்தான். அப்போது எங்களுக்குச் செயற்கைப் புல்தரை ஏது? கரிசல் மண்ணின்மேல் சரளையும் செம்மண்ணும் கொட்டிச் சமப்படுத்திய பள்ளித் திடல். கோடையில் மேல்மண் பெயர்ந்து அடியில் கரிசல் வெடித்துக் கிடக்கும். பந்து அந்த வெடிப்பில் மோதி எந்தப் பக்கம் துள்ளும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஐப்பசி மழையில் காலை வைத்தால் செருப்போடு ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வரும். சென்னையைச் சேர்ந்த முகமது ரியாஸ் அப்போது இந்திய அணியில் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆடியவர். பின்னர் 2000 சிட்னியிலும் ஆடினார். செய்தித்தாளில் வந்த அவருடைய படத்தை வெட்டிக் கணக்கு நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருந்தேன். நானும் நடுக்களத்தில் ஆடுகிறவன் என்பதே அந்த உறவுக்குப் போதுமானதாக இருந்தது.

1998 டிசம்பரில், ரமளான் தொடங்கவிருந்த நாட்களில், பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுடன் சமநிலை. பின்னர் பெனால்டியில் வெற்றி. 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கிடைத்த தங்கம். ரியாஸ் அந்த அணியில் இருந்தார். எனக்குப் பதினேழு வயது. தரையில் கால் பாவவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள்ளேயே கேப்டன் தன்ராஜ் பிள்ளை, பெனால்டிகளைத் தடுத்த கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் உள்ளிட்ட சிலர் அடுத்த தொடருக்கான அணியில் சேர்க்கப்படவில்லை என்ற செய்தி வந்தது. அத்தா நாளிதழை மடித்து என் முன்னால் வைத்தார்கள். "தங்கம் வாங்கிட்டு வந்தவனுக்கே இந்தக் கதி. நீ எதை நம்பி ஆடப் போறே?" என்றார்கள். கோபமில்லாமல்தான் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. மறு மாதத்திலிருந்து பள்ளி விட்டதும் கமிஷன் கடைக்குப் போகத் தொடங்கினேன். அந்த மட்டையை என் தம்பி கொஞ்ச நாள் வைத்திருந்தான், பிறகு காணோம்.

அத்தா சொன்னதில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த நாட்டில் ஹாக்கியைத் தொழிலாக்கும் முயற்சிகள் வந்து வந்து போயின. 2005-இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியது. சென்னை வீரன்ஸ் என்று நமக்கு ஓர் அணிகூட இருந்தது. 2008-உடன் அது முடிந்தது. 2012-இல் வேறொரு தொடர். ஒரே பருவத்தோடு சரி. 2013-இல் ஹாக்கி இந்தியா லீக் வந்தது. அதில் தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. அதுவும் 2017-க்குப் பிறகு நின்றுபோனது. பிள்ளையின் வாழ்வை இப்படிப்பட்ட ஒன்றில் வைத்துப் பார்க்க எந்தத் தகப்பனுக்குத்தான் துணிவு வரும்?

ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த லீக் 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். அவற்றுள் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். அக்டோபரில் நடந்த ஏலத்தையே மூத்தவன் கைபேசியில் பார்த்து எனக்குத் தொகை தொகையாக ஒப்பித்தான். ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்குச் சூர்மா அணி எடுத்தது. நெதர்லாந்தின் யிப் யான்சென் 54 லட்சத்துக்கு டிராகன்ஸுக்கு வந்தார். அமித் ரோஹிதாஸ் கேப்டன். அயர்லாந்துக் கோல்கீப்பர் டேவிட் ஹார்ட்டும் நம் அணியில். 'நம் அணி' என்று அவன் சொன்னதும் நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டேன். இவர்களில் எவருக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது என்று மனைவி சிரித்தாள்.

ஆனால் அந்த அணியில் செல்வம் கார்த்தி இருந்தார். அரியலூர்ப் பிள்ளை, எங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி பெற்று இந்திய அணிக்குப் போனவர். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அதே தொடரில் அவரோடு இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். இவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் தாய்மார்களைக் காலையில் கூட்டங்கூட்டமாகப் பார்க்கிற ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதுமில்லை. "அவங்க வீட்டுல விட்டாங்கல்ல அத்தா?" என்று மூத்தவன் ஒருநாள் கேட்டான். நான் பயறு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவனைப்போல் குனிந்தே இருந்தேன்.

மார்கழி பிற்பகுதியும் தையும் எங்கள் தொழிலுக்கு உயிர்நாடி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பாசிப்பயறும் உளுந்தும் அப்போதுதான் எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும். வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஒரு முறை பணம் பார்க்கிற விவசாயியை நிற்க வைக்க முடியாது. எடை போடவும் சாக்கு எண்ணவும் வீட்டுப் பிள்ளை வேண்டும். அந்த மாதத்தில்தான் அவன் மாலையில் மைதானத்திலும் இரவில் டிடி ஸ்போர்ட்ஸ் முன்னாலும் இருந்தான். ஒருநாள் நான் சத்தம் போட்டேன். அவன் பதில் பேசாமல் வந்து இரவு பத்துவரை சாக்கு எண்ணினான். எண்ணிக்கை சரியாக இருந்தது. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு நானும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். இருபத்தைந்து ஆண்டுகளில் ஆட்டம் எவ்வளவோ மாறியிருந்தது. வேகம் ஒருபுறம் இருக்கட்டும். அணி அமைப்பில் ஒரு விதி எனக்குப் பிடித்தது. ஓர் அணியில் 24 பேர். வெளிநாட்டார் எட்டுப் பேர். இந்தியர் பதினாறு பேரில் நால்வராவது இளையோராக இருக்க வேண்டும். டிராகன்ஸில் பிரின்ஸ்தீப் சிங் என்ற இளம் கோல்கீப்பர் இருந்தார். உலகின் சிறந்த கோல்கீப்பர் என்று இருமுறை தேர்வான ஹார்ட் இருக்கும் அணியில் அவருக்கு ஒரு பருவம். இது ஏட்டில் கிடைக்கிற கல்வி இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். மகளிர் லீக்கும் அந்த ஆண்டுதான் முதன்முதலாக நடந்தது, நான்கு அணிகள். "நம்ம ஊர் அணி ஏன் இல்லை?" என்று எங்கள் சின்னவள் கேட்டாள். நல்ல கேள்வி, கேட்க வேண்டியவர்கள் காதில் விழட்டும்.

டிராகன்ஸ் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக அரையிறுதிக்கு வந்தது. 2025 சனவரி 31, வெள்ளிக்கிழமை. எதிரே பெங்கால் டைகர்ஸ். ஆட்டம் சமநிலையில் முடிந்து ஷூட்அவுட்டுக்குப் போனது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அடிப்பவர் 23 மீட்டர்க் கோட்டிலிருந்து பந்தோடு வருவார், அவருக்கு எட்டு நொடிதான். கோல்கீப்பருக்குத் துணைக்கு எவரும் இல்லை. மூத்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. தொலைக்காட்சிக்கு முன் முழங்கால் மடக்கி, கைகளை விரித்து, ஒவ்வொரு முறையும் அவனும் வலைக்கு முன் நின்றான். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. நாம் தோற்றோம். அடுத்த நாள் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடமும் தோற்றோம். இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத்தை வென்று பெங்கால் டைகர்ஸ் கோப்பையை எடுத்தது.

அவன் அழுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். "கீப்பர் முன்னாடி வந்தது ஒரு எட்டு அதிகம் அத்தா. அதான் சுத்திப் போயிட்டாங்க" என்றான். தொழில்காரன் பேச்சு அது. என் அத்தாவிடம் அன்று நான் இப்படி ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை ஒதுக்கினேன்.

அதற்குப் பிறகு இரண்டு நிபந்தனைகளோடு சம்மதித்தேன். பத்தாம் வகுப்பு முடிய வேண்டும். மஃரிப் தவறக் கூடாது. இரண்டாவதுதான் கடினமாக இருந்தது. கோல்கீப்பரின் காலில் தொடைவரை தடித்த பேட், பாதத்தின்மேல் கிக்கர், மார்புக் கவசம், தலைக்கவசம். ஒவ்வொரு வாராகக் கழற்றி, ஒளூச் செய்து, தொழுது, மறுபடி மாட்டக் கால் மணி நேரமாகும். பயிற்சி முடிவதும் மஃரிப் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அவனாகவே போய்ப் பயிற்சியாளரிடம் சொல்லியிருக்கிறான். அவர் முருக பக்தர். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் பார்த்ததில்லை. "கீப்பர் பயிற்சியை முதல்ல வச்சுக்குவோம். நீ பாங்குக்கு முன்னாடி கழற்றிரு" என்று முறையையே மாற்றிவிட்டார். ரமளானில் நோன்போடு நின்றான். முதல் வாரம் பகல் முழுக்க என் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நோன்பு திறந்த பிறகு ஆடு என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. அந்த மாதம் ஓட்டப் பயிற்சியை மட்டும் அவர் அவனுக்குக் குறைத்தார்.

மே மாதம் ஒரு விளையாட்டு விடுதியின் தேர்வுக்குப் போனான். வெளியூர். நான் கூடப் போயிருந்தேன். வலைக்கு அப்பால், வேப்பமரத்தடியில் மற்றத் தகப்பன்மாரோடு நின்றேன். பாதிப் பேர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். பட்டியல் ஒட்டினார்கள், அவன் பெயர் இல்லை. திரும்பும் பேருந்தில் கயத்தாறு தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவன், "எடுத்த ரெண்டு பேரும் என்னைவிட நல்லா ஆடினாங்க" என்றான். நான் பார்த்த வரையில் அது உண்மை. 'இதோடு விட்டுவிடு' என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். என் நாக்கு நுனிவரை வந்தது. அவன் தோளில் தொங்கிய பையில் இரண்டாம் கையாக வாங்கிய பேட்கள் இருந்தன. அவற்றின் வார் ஒன்று அறுந்து, அவன் அம்மா சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டே வந்தேன், எதுவும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியது. டிசம்பர் 5 அன்று காலிறுதியில் இந்தியாவும் பெல்ஜியமும் சமநிலை, மறுபடியும் ஷூட்அவுட். இந்திய வலைக்கு முன் நின்றவர் பிரின்ஸ்தீப் சிங். அன்று எங்கள் வீட்டில் மூத்தவன் முழங்கால் மடக்கவில்லை. சுவரில் சாய்ந்து, வாய்க்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். பிரின்ஸ்தீப் தடுத்தார். இந்தியா அரையிறுதிக்குப் போய், அங்கே ஜெர்மனியிடம் தோற்று, பின் அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் பெற்றது. ஆட்டம் முடிந்ததும் அவன் எழுந்து போய்ப் பையைப் பிரித்துப் பேட்களை முற்றத்தில் காயப் போட்டான். மழைக்காலம், நுரை ஈரம் உறிஞ்சினால் கனத்துவிடுமாம்.

இந்த மே மாதம் மறுபடி தேர்வு இருக்கிறது. நேற்று மாலை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். பாங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து முதுகைத் திருப்பி நின்றான். மார்புக் கவசத்தின் பின்வார் அவனுக்கு எட்டாது. கழற்றிவிட்டேன்.